ஐந்தாவது ஸ்கேனர்

"மொதல்ல காட்டுன ரேடியோ ஸ்கேனர் விலை ஜாஸ்தின்னீங்க. ரெண்டாவதுல ஏரோப்ளேன்காரங்க பேசறதெல்லாம் கேக்கும்னேன், எனக்கு எதுக்குன்னீங்க. இது நாலாவது அண்ணே. இதுல இன்னா குறை?"

முஜீபுக்கு அலுத்துவிட்டது. தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் இருந்த அவர் கடையில், இம்மானுவேல் ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்.

"கரகரன்னுது பாய். குரல் தெளிவா இல்ல."

"எதிர்ல கீற கம்பெனி வாக்கி டாக்கியக் கேக்கறதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ தெளிவு? லாரி வருது, லாரி போவுது. அவ்ளோதானே?"

இம்மானுவேல் ஐந்தாவதை எடுத்துக் காதோடு வைத்தார். ஒரு பெண் குரல் வந்தது.

"ரெண்டாவது கேட்டுக்கு லாரி வருது. ஓவர்."

"இதையே குடு பாய்."

"இன்னும் ஐந்நூறு போட்டீங்கன்னா திருப்பிப் பேசற செட்டே தரேன்."

"பேசறது வேணாம். கேட்டா போதும்."

"பேஜாரா கீது அண்ணே உங்ககூட. அந்தக் கம்பெனில யாருதான் இருக்காங்க உங்களுக்கு?"

"இப்போ பேசுச்சே, அது என் பொண்ணு. எங்களுக்குத் தெரியாம கல்யாணம் பண்ணிக்கினு போயி ரெண்டு வருசம் ஆவுது."

முஜீபின் குரல் தணிந்தது. "எதிர்லதானே அண்ணே இருக்கு. ரோட்டத் தாண்டிப் போயி பேசிட்டு வரலாமே."

"எப்படிப் பேசறது? பேச மாட்டேன்னு பைபிள் மேல கை வச்சி சத்தியம் பண்ணிட்டேன்" என்ற இம்மானுவேல், ஸ்கேனரை மறுபடியும் காதோடு வைத்துக்கொண்டார். "கேக்க மாட்டேன்னு சொல்லல."