பெயர் மட்டும் தெரிந்தவன்

பொருட்காட்சி மேடையில் மனதைப் படித்துக் காட்டும் ரூபன், மேடை ஏறுகிறவர் மனதில் நினைத்த ஆளின் பெயரை, தான் நீட்டும் செல்போனில் விரலால் எழுதி அழித்துவிடச் சொன்னான். குறி சொல்கிறவர்களை ஒருநாளும் நம்பாத மாயக்கண்ணன், இவன் பித்தலாட்டத்தை உடைத்துக் காட்டுகிறேன் என்றுதான் மேலே ஏறினார். ஏதாவது பெயரை எழுதப் போனார். விரல் அந்தப் பெயரைத்தான் எழுதியது. அழித்துவிட்டு மறுபடி எழுதினார்; அதே பெயர்தான் வந்தது. அதையும் அழித்தார்.

ரூபன் கண்ணை மூடி, "பூமயில்" என்றான். ஜனம் கைதட்டியது. மாயக்கண்ணன் இறங்கவில்லை.

"எங்க இருக்கா?" என்றார். "எம் மவ. மார்கழியில மில்லுக்குப் போனவ திரும்பல."

ரூபன் மைக்கை அணைத்தான். "ஐயா, இது வெறும் வித்தை" என்று சட்டைக் கையை ஏற்றி மணிக்கட்டைக் காட்டினான். போனில் எழுதி அழித்தது அவன் கைக்கடிகாரத்தில் அவருடைய கோணல் எழுத்திலேயே நின்றது.

மாயக்கண்ணன் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "பேரு தெரிஞ்சவனுக்கு எடம் தெரியாதா? எவன் உன் வாயை அடைச்சான்?"

"சத்தியமாத் தெரியாதுங்கய்யா. எறங்குங்க, ஆளுக காத்திருக்காங்க."

"சரி, எடம் வேண்டாம். உசுரோட இருக்காளா, அதை மட்டும் சொல்லு." நகம் பதிந்தது.

ரூபன் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "இருக்காங்க. நல்லா இருக்காங்க" என்றான்.

மாயக்கண்ணன் கையை விட்டார்.

"போலீஸ் ஸ்டேஷன்லயும் ஒருத்தன் இப்படித்தான் குனிஞ்சுக்கிட்டே சொன்னான்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.