உறை காயும் வரை

துணை ஷெரீஃப் லைல் பிக்கெட்டுக்கு அன்று ஒரே வேலைதான். வெர்னாவின் கார் ஷெட்டில் காய்ந்துகொண்டிருந்த நாற்பத்தோரு துப்பாக்கிகளும் களவு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஒண்ணு குறைஞ்சாலும் உன் பேட்ஜைக் கழட்டி என் மேஜை மேல வெச்சிட்டுப் போயிடு" என்று ஷெரீஃப் போனில் சொல்லியிருந்தார். அவர் ஒரு வழக்குக்காகப் பக்கத்து மாவட்டத்தில் இருந்தார். ஊரில் சட்டம் என்று சொல்ல லைல் ஒருவன்தான். போன மாதம் அவன் பூட்டி வைத்த மாட்டுத் திருடன் ஜன்னல் வழியாக இறங்கிப் போனதை ஷெரீஃப் இன்னும் மறக்கவில்லை.

மேற்கு டெக்சஸின் அந்தச் சின்ன ஊருக்கு வெர்னா வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டோடு இருந்த ஷெட்டில் துப்பாக்கி உறை தைத்து விற்றாள். உறை தைக்கும் மற்றவர்கள் நீல பிளாஸ்டிக் பொம்மைத் துப்பாக்கியை வைத்து அச்செடுப்பார்கள். வெர்னா அதைத் தொடமாட்டாள்.

"அடுத்தவன் அளவுக்குத் தைச்ச சட்டையை நீ போடுவியா?" என்று கேட்பாள்.

தோலை ஊறவைத்து, அவரவர் துப்பாக்கியையே உள்ளே செருகி, வழவழப்பான எலும்புத் துண்டால் அழுத்தி, இரண்டு நாள் அப்படியே காயவிட வேண்டும். நடுவில் உருவினால் வடிவம் கெட்டுவிடும். நாளை மறுநாள் குதிரை ஊர்வலம். ஊர் ஆண்கள் எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியோடு போவார்கள். அதற்காக வெர்னா கூலியைப் பாதியாக்கியிருந்தாள். வரிசை தெருமுனை வரை நின்றது.

மத்தியானம்தான் அவள் லைலுக்கு போன் செய்தாள். யாரோ ஒருவன் சாம்பல் நிற வண்டியில் மூன்று தடவை வீட்டைச் சுற்றினானாம். ஷெட்டையே பார்த்தானாம்.

லைல் போய் ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். வெர்னா ஒரு கிண்ணத்தில் சில்லி என்ற காரமான இறைச்சிக் குழம்பும் சோள ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஆள் எப்படி இருந்தான் மேடம்?"

"தொப்பி போட்டிருந்தான்."

"இந்த ஊர்ல மாடுதான் தொப்பி போடாது."

"அப்ப மாடு இல்லைன்னு எழுதிக்கோ கண்ணு." அவள் பார்வை அவன் இடுப்புக்கு இறங்கியது. "அது என்ன, துப்பாக்கி உறையா? உங்க தாத்தாவோட பழைய காலுறை மாதிரி இருக்கு."

"ஆபீஸ்ல கொடுத்தது மேடம்."

"ஊர்வலத்துல நீதானே முன்னால போற? பின்னால வர்றவங்க உன் முகத்தையா பார்ப்பாங்க? இடுப்பைத்தான் பார்ப்பாங்க. கொண்டா, ஒரு தோல் மிச்சம் இருக்கு. காசு வேண்டாம்."

"டியூட்டியில இருக்கேனே."

"உன்னைச் சுத்தி நாற்பத்தோரு துப்பாக்கி இருக்கு. ஒண்ணு பத்தலைன்னா சொல்லு."

லைல் யோசித்தான். முன்னால் போகப்போவது உண்மைதான். பெல்ட்டிலிருந்து துப்பாக்கியை எடுத்து, குண்டுகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவளிடம் நீட்டினான். அரை மணியில் அதுவும் ஈரத் தோலுக்குள் புகுந்து மற்றவற்றோடு கம்பியில் தொங்கியது.

மூன்று மணிக்கு அவன் போன் அடித்தது. வங்கிக் காவலாளி ஓட்டிஸ்.

"கொள்ளை சார். ஒரே ஆள். எல்லாத்தையும் வழிச்சிட்டுப் போயிட்டான்."

"நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

"கையைத் தூக்கிட்டிருந்தேன். என் துப்பாக்கிதான் அங்க காயுதே."

"வேற ஆளே இல்லையா?"

"பதினோரு பேர் இருந்தோம் சார். பதினோரு பேரோடதும் உங்க தலைக்கு மேலதான் தொங்குது."

"வேட்டைத் துப்பாக்கி?"

"அதைத் தூக்கிட்டு யாராவது பணம் போட வருவாங்களா?"

"எந்த வண்டி?"

"சாம்பல் நிறம். உங்க பக்கம்தான் வர்றான்."

லைலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வங்கி வெறும் ஆரம்பம். அவன் துப்பாக்கிகளுக்காகத்தான் வருகிறான்.

"மேடம், உள்ள போய்க் கதவைச் சாத்திக்குங்க" என்று கத்திவிட்டு ஷெட்டுக்குள் ஓடினான். தன் துப்பாக்கியைத் தேடிப் பிடித்தான். தோல் சில்லென்று, கச்சிதமாக, துப்பாக்கியின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் வாங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு அழகான உறையை அவன் கட்டியதே இல்லை. உருவினால் கெட்டுவிடுமே என்று கை ஒரு கணம் நின்றது.

வாசலில் வண்டி வந்து நின்றது.

லைல் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். ஈரத் தோல் விடவில்லை. உறையோடு சேர்த்தே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, கால்களை அகட்டி, ஷெட்டை மறைத்து நின்றான். குண்டுகள் இன்னும் சட்டைப் பையில்தான் இருந்தன.

வண்டியிலிருந்து யாரும் இறங்கவில்லை. தொப்பிக்காரன் ஷெட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளிருந்தபடியே கையை நீட்டி அடுத்த பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

வெர்னா ஒரு சின்னப் பெட்டியோடு வீட்டிலிருந்து வந்தாள். நிதானமாக ஏறி உட்கார்ந்தாள்.

"சில்லியை மூடி வை கண்ணு, ஈ மொய்க்கும்."

அவள் கதவைச் சாத்தும்போதுதான் லைல் உள்ளே கவனித்தான்: அந்த ஊரிலேயே நன்றாகக் காய்ந்திருந்த ஒரே உறை, அவளுடைய கைவேலை, ஓட்டுகிறவன் இடுப்பில் இருந்தது.