மூன்றாவது வரிசை

கூடாரத்துக்குள் கால் வைத்ததுமே செருப்பில் சேறு அப்பியது.

ஐம்பத்திரண்டு நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாத மண் அது. மழை பெய்தால்கூட உள்ளே விழக்கூடாது என்று மேலே கூரை போட்டிருந்தது. தண்ணீரே இல்லாமல் எந்தச் சோளம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கத்தான் அந்தப் பன்னிரண்டு வரிசையும். வாடினால் வாடட்டும், செத்தால் சாகட்டும், அதற்குப் பெயர்தானே சோதனை?

நனைந்த மண்ணின் வாசனை ஊருக்கெல்லாம் பிடிக்கும். ஆராய்ச்சிக்காரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

காவல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். பத்து மணிக்குப் பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்களாம். காய்ந்த பயிரைக் காட்டினால் நன்றாகவா இருக்கும், குழாயைத் திறந்துவிடு என்று இயக்குநர் சொன்னாராம்.

இயக்குநரும் பயிர் படித்தவர்தான். முப்பது வருஷம் இதே வேலையில் குப்பை கொட்டியவர். போட்டோவில் பச்சையாகத் தெரிய வேண்டுமாம், த்தூ!

போன் செய்து கேட்டாள். ஒரு நாள் தண்ணீர்தானே, நோட்டில் எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு யாரோ துப்பிய எச்சில் மாதிரி காதில் ஒட்டிக்கொண்டது. துப்பட்டாவால் காதைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த ஆளுக்குக் கீழே இனி ஒரு நாள்கூட முடியாது. அங்கேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். வேலை போனால் போகட்டும்.

எழுதும்போது ஒன்றுதான் ஆறுதல். இந்த வருஷச் சோதனை நாசமானாலும் போன வருஷ முடிவு இருக்கிறது. மூன்றாவது வரிசை, எட்டு வருஷம் பாடுபட்டு அவளே உருவாக்கிய ரகம். போன வருஷம் மற்ற பதினொன்றும் கருகியபோது அது மட்டும் நடுவில் துவண்டாலும் மறுபடி நிமிர்ந்து அறுபது நாளும் தாக்குப்பிடித்தது. அதை நம்பித்தான் இந்தப் பருவத்தில் நானூறு மானாவாரி விவசாயிகளுக்கு அதன் விதையைக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை என்று அழுத்தி எழுதினாள்.

காவல்காரர் டீ கொண்டுவந்து வைத்தார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் குந்திக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"இதுக்குப் போயி ஏம்மா இவ்வளவு வேதனைப்படுறீங்க? போன வருஷம் மூணாவது வரிசை துவண்டப்ப நீங்க அழுதுகிட்டே போனீங்களே, எனக்கு மனசு கேக்கல. தினம் சாயங்காலம் அதுக்கு மட்டும் நாலு குடம் ஊத்திடுவேன், காலையில நீங்க வர்றதுக்குள்ள மேல்மண்ணு காஞ்சிடும். நல்லபடியாத்தானே முடிஞ்சுது?"

அவர் முகத்தில் அவ்வளவு பிரியம்.

எழுதிய தாளைப் பார்த்தாள். இயக்குநரைத் திட்டிய வரிகளெல்லாம் இப்போது அவளையே பார்த்துப் பல்லிளித்தன. டீயைத் தள்ளி வைத்தாள்.

வெளியே கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் போனை எடுத்தாள். நானூறு பேரில் முதல் ஆளாக விதை வாங்கி, தங்கச்சி சொன்னால் சரியாக இருக்கும் என்று நாலு ஏக்கரிலும் விதைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவருக்குப் போட்டாள்.

"அண்ணா, கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்கு?"