பாக்கி தீர்ந்த பிறகு

அசர் தொழுத கையோடு, தலையில் வெள்ளைத் தொப்பியும் கையில் காசுக்கட்டுமாக முஸ்தாக் கடைக்குள் ஏறினான். பழைய பாக்கி முழுவதையும் மேசையில் வைத்தான். முதலாளி கச்சிமுகம்மது கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

பழசைத் தீர்க்காமல் இந்தப் பக்கம் வராதே என்று போன மாதம் நாலு பேர் முன்னால் அவர் விரட்டிவிட்ட ஆள்தான் இவன்.

"அண்டைக்கு நானும் கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன். மனசுல வச்சிக்காதங்க காக்கா," என்றான் முஸ்தாக். அரிசிக்கடை, மருந்துக்கடை என்று கல்முனைக் கடைத்தெரு முழுக்க இப்படித்தான் தீர்த்துவிட்டு வருகிறானாம்.

கச்சிமுகம்மதுவுக்கு விளங்கிவிட்டது. ஊரில் இப்படிக் கடனைத் தீர்த்து, மன்னிப்பும் கேட்டுத் திரிகிறவர்கள் ஹஜ்ஜுக்குப் பயணம் வைத்தவர்கள்தானே. வாயால் சொல்லக் கூச்சப்படுகிறான் போலும். இவனையா விரட்டினோம் என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

உட்காரக் கதிரை இழுத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. முஸ்தாக் உட்காராமல், மூலையில் விற்காமல் நின்ற தையல் மெசினில் படிந்திருந்த தூசியைச் சாரன் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தான். அடக்கமும் வந்துவிட்டது பார் என்று கச்சிமுகம்மது உருகினார்.

பெண்சாதி மைமூனாவுக்குச் சந்தோசம்தானே என்று மெல்ல விட்டுப் பார்த்தார்.

"எல்லாம் அவவுக்காகத்தானே காக்கா," என்றான் அவன்.

சோடியாகப் போகிறார்கள்! கச்சிமுகம்மது கடையில் நின்றவர்களைக் கூப்பிட்டு, முஸ்தாக்கைப் போல நாணயமான மனிதன் இந்தக் கரையிலேயே இல்லை, இனி அவன் எதைக் கேட்டாலும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன் என்று அறிவித்தார்.

பிறகு அவனை ஓரமாக அழைத்துப் போனார். மகள் நஸ்லியாவுக்கு வந்த மாப்பிள்ளைப் பேச்சுகள் எல்லாம் தட்டிக்கொண்டே போவது அவருக்குத் தீராத கவலை. மக்காவில் கஃபாவின் முன்னால் நின்று கேட்கும் ஒரு துஆ போதும், எல்லாம் சரியாகிவிடும். முஸ்தாக்கின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது.

"நஸ்லியாட கலியாணத்துக்கு ஒரு துஆ கேளு தம்பி. அங்க போய் எங்கள மறந்திராத."

முஸ்தாக் விழித்தான்.

"எங்க காக்கா போறது? நம்மட பள்ளியில மஃரிபுத் தொழுகைக்கே கேக்கன்," என்றவன், மூலைப் பக்கம் திரும்பினான்.

"பாக்கிதான் ஒண்டுமில்லையே, மைமூனாவுக்கு அந்த மெசினக் கடனுக்குத் தாங்க."