நிரோஜினியின் காப்பு அளவு

திருக்கேதீஸ்வரத் திருவிழாக் கடையில், மத்தியான வெயில் பட்டுக் கண்ணாடிக் காப்புகள் மினுங்குகின்றன. நிரோஜினி யோசிக்காமலே சின்னப்பிள்ளைகளின் பச்சைக் காப்பொன்றை எடுத்துக் கடைக்கார அக்காவிடம் கையை நீட்டுகிறாள். பன்னிரண்டு வயதில், இடம்பெயர்ந்து முகாமில் இருக்கும்போது சீனி வருத்தம் வந்து உடம்பு வற்றியதிலிருந்து எட்டு வருடமாக அவளுக்கு அந்த அளவுதான். இன்று காப்பு விரல் கணுக்களைத் தாண்ட மறுக்கிறது. அக்கா அவளின் கையைக் குவித்து அழுத்த, காப்பு உடைந்தே போகிறது. அம்மா சிவபாக்கியத்தின் முகம் கறுக்கிறது. “கோயிலடியிலை காப்பு உடையலாமோ, பிள்ளை?” நிரோஜினி தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய இன்சுலின் பம்பை இடுப்பில் கொழுவி நாலு மாதம். அது சீனியை அடக்கும் என்றார்கள். உடம்பைத் தேற்றும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சட்டை இறுகியபோதுகூட அவள் தையல்காரியைத்தான் திட்டினாள். “அம்மா, இஞ்சை பிடிச்சுப் பாருங்கோ.” சிவபாக்கியம் வழமைபோல மகளின் மணிக்கட்டைப் பெருவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பிடிக்கிறாள். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடவில்லை. இன்னும் இறுக்கிப் பார்க்கிறாள். தொடவில்லை. பிடித்த கையை விடாமலே கடைக்காரியிடம் திரும்புகிறாள். “பெரியாக்களின்ரை அளவிலை ரெண்டு டசின் எடுங்கோ.”