பக்கத்து வீட்டுச் சாட்சி

போலீஸ்காரர் விசாரிக்க வரும்போது பாப்பாத்தி வீட்டில் இருக்கக் கூடாது. மூன்று நாளாக வைஜெயந்தி சாமியிடம் கேட்டுக்கொண்டது இது ஒன்றுதான்.

கிளியனூர் பக்கம் ஒரு காலேஜில், பெண்கள் ஹாஸ்டல் கேட்டுக்கு லேடி செக்யூரிட்டி தேவைப்பட்டது. ஏஜென்சியில் கேட்ட பேப்பரையெல்லாம் வைஜெயந்தி கொடுத்துவிட்டாள். உயரம் பார்த்தார்கள், கண் பார்த்தார்கள், தேறிவிட்டாள். கைரேகை மெஷின்தான் பாடாய்ப் படுத்தியது. இருபது வருஷம் உப்பு வாரிய விரலில் அதற்கு ஒரு கோடுகூட அகப்படவில்லை. எண்ணெய் தடவித் துடைத்து ஐந்தாவது தடவை வைத்தபோதுதான் ரேகை விழுந்தது. இருபது நாள் பயிற்சியும் முடித்தாயிற்று.

மிச்சம் இருந்தது போலீஸ் விசாரணை. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் இவளைப் பற்றிச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் பெயரைப் பதிவு செய்ய மாட்டார்கள், வேலையும் இல்லை.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. தை பிறக்கும் வரை புருஷன் இல்லாத வைஜெயந்தி, பள்ளிக்கூடம் போகும் மகளை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டும். இந்த வருஷமாவது அது வேண்டாம் என்று பார்த்தாள்.

பாப்பாத்தியோ அடுத்த வீடு. ஒரே தூக்கில் கஞ்சி குடித்த சிநேகிதிதான். நாலு வருஷத்துக்கு முன்னால் பாப்பாத்தியின் புருஷன் குழந்தைசாமி முதலாளியின் குவியலிலிருந்து யாருக்கும் தெரியாமல் இரண்டு மூட்டை உப்பை வண்டியில் கட்டினான். பார்த்த வைஜெயந்தி முதலாளியிடம் சொல்லிவிட்டாள். அந்த சீசன் முழுக்க அவனுக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து இரண்டு பெண்களும் குழாயடியில்கூட முகம் பார்ப்பதில்லை.

ஆகவே வைஜெயந்தி ஒரு கணக்குப் போட்டாள். உப்பளத்து ஜனங்கள் இருட்டோடு வேலைக்குப் போய் உச்சிவெயிலுக்கு முன்னால் திரும்புகிறவர்கள். ஏட்டு தமிழரசனைக் காலை ஒன்பது மணிக்கே வரச் சொல்லிக் கெஞ்சினாள். எதிர்வீட்டுப் பலராமனையும், தெருமுனை வசந்தாவையும் அன்று வேலைக்குப் போகாமல் இருக்கச் சொன்னாள்.

ஏட்டு வந்து சேர்ந்தது பன்னிரண்டரைக்கு. தெருவே வீடு திரும்பியிருந்தது.

பலராமன் கேட்டவுடன் கையெழுத்துப் போட்டார். வசந்தா மூச்சு விடாமல் வைஜெயந்தியைப் புகழ்ந்தாள். பேனாவை நீட்டியதும் பின்வாங்கிவிட்டாள். போலீஸ் பேப்பரில் பெயர் இருந்தால் நாளைக்குத் தன்னைத்தான் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று சொல்லி, அடுப்பில் பால் இருப்பதாக உள்ளே போனவள்தான், வரவில்லை.

"இந்த வூட்ல யாரும்மா?" என்று அடுத்த வீட்டைக் காட்டினார் ஏட்டு.

"அவங்க இருக்க மாட்டாங்க சார்."

சொல்லி வாய் மூடவில்லை, துவைத்த துணி வாளியோடு பாப்பாத்தி வாசலுக்கு வந்தாள். ஏட்டு அங்கே போனார். வைஜெயந்தி வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"வைஜெயந்திய உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம என்னாங்க ஏட்டய்யா. அவளப் பத்தி என்கிட்ட இல்ல கேக்கணும்."

சொன்னாள். இரண்டு மூட்டை உப்பு, வண்டி, முதலாளி, தெரு சிரித்தது, எதையும் விடவில்லை.

"கெஞ்சினேன் சார். தெரியாம செஞ்சுட்டாரு, சொல்லாதடின்னு கையப் புடிச்சுகிட்டு அழுதேன். ஒண்ணாக் கஞ்சி குடிச்சவன்னுகூடப் பாக்கல. நேராப் போயி சொல்லிட்டா."

வைஜெயந்திக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஹாஸ்டல் கேட்டு வேலை கைவிட்டுப் போயிற்று என்றே முடிவு செய்துகொண்டாள்.

ஏட்டு எழுதுவதை நிறுத்தினார். "அப்போ உங்களுக்கும் அவங்களுக்கும் ஆவாது. கையெழுத்துப் போட மாட்டீங்க, அப்படித்தானே?"

பாப்பாத்தி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

"ஆவாதுதான். அது எங்க ரெண்டு பேரு சமாச்சாரம். நீங்க கேட்டுக் காவலுக்குத்தானே ஆள் கேக்கறீங்க? என் புருஷனையே வுடாதவ, வேற எவன வுடப்போறா? எங்க போடணும்னு காட்டுங்க சார்."