புகார் எழுதிய கை

"ஏட்டி, எத்தன தடவ நீக்கினாலும் அந்தப் பாட்ட மறுபடி ஏத்துதானே, எவன் அவன்?"

"ஒங்களுக்கும் ஒரு ரசிகன் இருக்கானேன்னு சந்தோசப்படுங்க."

போன வாரம் மனைவி மாரீஸ்வரி இப்படிச் சிரித்தது பாண்டிச்செல்வத்துக்கு இன்னும் உறுத்தியது.

கல்யாணத்துக்கு முன், இரவல் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரே எழுதிப் பாடி எடுத்த காதல் பாட்டு அது. யாரோ அதை யூடியூபில் போட்டுவிட, ராஜபாளையம் மில்லில் எல்லோரும் அவரை "ஹீரோ சார்" என்றார்கள். அவர் சொல்லச் சொல்ல, காப்பிரைட் புகாரை மாரீஸ்வரிதான் டைப் செய்து அனுப்புவாள்.

இன்று அவர் செல்போனுக்கு மெயில் வந்தது. பாட்டைப் போட்டவர் புகாருக்கு ஆட்சேபம் தெரிவித்திருந்தார்.

"மாட்டிக்கிட்டான்! ஆட்சேபிச்சா சொந்தப் பேரும் விலாசமும் குடுத்தாகணும். செத்த வாசி, பாப்போம்."

அவர் நீட்டிய செல்போனை மாரீஸ்வரி அப்படியே திருப்பிக் கொடுத்தாள். வாங்கி அவரே பார்த்தார். பெயர், பா. மாரீஸ்வரி. விலாசம், அவர் வீடு.

"ஏட்டி... நீயா?"

"பொண்ணு பாக்க வந்தப்ப இந்தப் பாட்டு சி.டி.யக் குடுத்தீங்க. அதக் கேட்டுத்தான் நான் சரின்னேன். கல்யாணத்துக்குப் பொறவு நீங்க பாட வாயே தொறக்கல."

"அதுக்கு?"

"பதினேழு வருசமாக் கேக்கணும்னு இருக்கேன். நேர்ல கேக்க வெக்கம், அதான் ஏத்தி ஏத்தி விட்டேன்." அவள் முகம் சிவந்தது. "எனக்காக ஒரே ஒரு தடவ பாடுங்களேன்."